அடிக்குறிப்பு நான்கு

நோவி சாத் அலுவலகத்தில் என் மேசைமேல்
ஒரு நூற்றாண்டை இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள்,
சணல் கட்டிய பதினோரு கட்டுகளாக.
கிரிவி பிரெக் என்கிற ஒரே ஊர்.
யார் எத்தனை பேர், எப்போது எப்படி மாறினார்கள்,
ஒரே அட்டவணையாக வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.

1910-இல் வந்தவர் இனத்தைக் கேட்கவில்லை.
எந்த மொழியை நன்றாகவும் விருப்பத்தோடும்
பேசுகிறாய் என்றுதான் கேட்டார்.
விருப்பத்தோடு!
கடன் கேட்க ஹங்கேரியம், குதிரையை அதட்ட ஜெர்மன்,
கெட்ட வார்த்தைக்கு மட்டும் செர்பியம்
என்று இருந்தவன் எதைச் சொல்லியிருப்பான்?
பென்சில் வைத்திருந்தவரின் முகத்தைப் பார்த்திருப்பான்.

அடுத்த முறை பென்சில் கைமாறியிருந்தது, ராஜ்யமும்.
ஊர் அங்கேயேதான் இருந்தது.
திஸா ஆறு மட்டும் மூன்று முழம் மேற்கே ஒதுங்கியது.
அதற்குக் கட்டம் இல்லை.

1931, ஜெர்மன்: அறுநூற்றுப் பன்னிரண்டு.
1948, ஜெர்மன்: ஒன்பது.
கழித்துப் போடுவது என் வேலை. போட்டேன்.
கழித்தல் குறிக்கு ஒரு நகக்கீறல் அளவு மை போதும்.
அதே பக்கத்தில் செர்பியர் ஐந்நூறு பேர் கூடியிருந்தார்கள்.
மலைநாட்டிலிருந்து ரயிலில் வந்தவர்கள்,
அரிவாள் தீட்ட ஒரு கல்கூடக் கிடைக்காத சமவெளியைப் பார்த்து
ஒரு வாரம் தூங்காதவர்கள்.
அவர்களுக்குக் கொடுத்த வீட்டின் நிலவறைக் கதவில்
‘வெண்டல் 1887’ என்று செதுக்கியிருந்தது.
யாரும் அதை இழைத்து எடுக்கவில்லை.
பீப்பாயை உருட்டும்போது குனிய வேண்டிய உயரத்துக்கு
அது நல்ல அடையாளமாம்.

1981-இல் யூகோஸ்லாவியர் இருநூற்றுப் பதினான்கு.
2002-இல் பதினொன்று.
இத்தனை பேரும் செத்தார்களா என்று
இடுகாட்டுப் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தேன்.
இல்லை. நாடுதான் செத்திருந்தது.
அவர்கள் மறுநாள் காலை வேறு பெயரோடு
அதே கடையில் ரொட்டி வாங்கியிருக்கிறார்கள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும், சரி.
நான் அளந்துதான் போடுகிறேன்.
முழக்கோல்தான் பத்தாண்டுக்கு ஒருமுறை
நீண்டும் சுருங்கியும் தொலைக்கிறது.

கடைசிக் கணக்கைச் சரிபார்க்க நானே போனேன்.
சேற்றில் பேருந்து நின்றது. நடந்தேன்.
மூலைத் தெரு கொலோம்பார் சொன்னார்:
‘ரோமா என்று போடாதே, ஹங்கேரியன் என்று போடு.
பையன் வேலைக்கு மனு போட்டிருக்கிறான்.’
போட்டேன். வாசலில் தொங்கிய டிரம்பட்
என்னை ஒரு மாதிரி பார்த்தது.

நாற்பத்தேழாம் எண்ணில் மெலானியா ஹார்டி, ருசின்.
நாற்பத்தொன்பதில் யாங்கோ ஹார்டி, ஸ்லோவாக்.
ஒரே வயிறு, ஒரே இரவு,
அவர் பன்னிரண்டு நிமிடம் இளையவர்.
பதிவில் பிழையோ என்று கேட்டேன்.
‘அவர்கள் தேவாலயத்தில் கணப்பு இருக்கிறது,
எனக்கு முழங்கால் வலி’ என்றார் யாங்கோ.
வேலிக்கு அந்தப் பக்கம்
மெலானியா மிளகாய் கோத்துக்கொண்டிருந்தாள்.
ஊசி நிற்கவே இல்லை.

அட்டவணையில் ருசின் ஒன்று குறைவு, ஸ்லோவாக் ஒன்று கூடுதல்.
யாரும் பிறக்கவில்லை, சாகவில்லை,
வண்டி கட்டிக்கொண்டு போகவில்லை.
இதையெல்லாம் அடிக்குறிப்பு நான்கில் எழுதினேன்.
ஒரு பக்கத்துக்கு வந்தது.
மேலதிகாரி திராகிஷா வெட்டி வெட்டி
ஒரு வரி மிச்சம் வைத்தார்:
‘ஆண்டுகள் ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்கவை அல்ல.’
ஒப்பிட்ட அட்டவணை மேலே அப்படியே இருந்தது.

வெள்ளி மாலை கோப்பு அச்சுக்குப் போனபின் தொலைபேசி.
மெலானியா.
‘அவர்கள் கணப்பு பழுதாம். தம்பியைத் திருப்பி எழுத முடியுமா?’
அடுத்த எண்ணிக்கைக்குப் பத்து வருடம் ஆகும் என்றேன்.
கொஞ்ச நேரம் மிளகாய்ச் சரம் உரசும் ஓசை மட்டும்.
‘ஆகட்டும்,’ என்றாள்,
‘அவன் எப்போதும் பிந்தித்தான் வருவான்.’